துருவமும் பருவமும் – 7: ஜெட் காற்றின் வளைவுகள்

1980-களில் கோடை முடிவில் சராசரியாக 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பரவியிருந்த ஆர்க்டிக் கடற்பனி, 2012 செப்டம்பரில் 34 லட்சமாகச் சுருங்கிற்று என்று சென்ற வாரம் கண்டோம். மனித சஞ்சாரமே அரிதான அந்தப் பிரதேசத்தில் பனி உருகினால், வெகு தெற்கே நியூயார்க்கிலும் பெர்லினிலும் வசிப்பவர்களுக்கு என்ன வந்தது?

வெண்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பனி விலகியபின் தோன்றும் கரிய நீரோ அதில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கி, கோடையில் சேமித்த உஷ்ணத்தை இலையுதிர் காலத்தில் ஆகாயத்துக்குக் கொடுக்கிறது. இதுவும் வேறு காரணங்களும் சேர்ந்து, 1979 முதல் ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்திருக்கிறது. மத்திய அட்சரேகைகளுக்கு மேலே, சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பூமியைச் சுற்றி விரையும் ஜெட் காற்றுக்கோ, வடக்கின் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் உள்ள பேதமே ஜீவன். பேதம் குறைந்தால் அதன் வேகம் தளரும்; தளர்ந்தால், மலையிறங்கிச் சமவெளிக்கு வந்த ஆற்றைப்போல வளைந்து வளைந்து செல்லும்; வளைவுகள் ஓரிடத்தில் தங்கிவிட்டால், அவற்றின்கீழ் அகப்பட்ட தேசங்களில் குளிரோ வெயிலோ மழையோ நாட்கணக்கில் நகராது நிற்கும். ஜெனிஃபர் பிரான்சிஸ் அம்மையாரும் ஸ்டீபன் வாவ்ரஸும் 2012-இல் வெளியிட்ட சித்தாந்தத்தின் சாரம் இதுவே.

கேட்க எத்தனை அழகாயிருக்கிறது! ஆனால் மறு ஆண்டே எலிசபெத் பார்ன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, வளைவு கூடியதாகத் தெரிவது அளக்கும் முறையால் விளைந்த தோற்றமே என்று வாதித்தார். எனக்கு இதைவிடச் சுவாரஸ்யமாகப் படுவது சைபீரியாவின் வழக்கு. பேரன்ட்ஸ், காரா கடல்களில் பனி குறைந்த குளிர்காலங்களில் சைபீரியாவில் கடுங்குளிர் நேர்வதைக் கண்டவர்கள், முன்னதைக் காரணமென்றும் பின்னதைக் காரியமென்றும் கொண்டார்கள். யூரல் மலைகளின் மேல் ஓர் உயர் அழுத்த மண்டலம் வந்து குந்திக்கொள்வதாக நினைத்துப் பாருங்கள்: அதன் மேற்குப் பக்கத்தில் தெற்கிலிருந்து வீசும் ஈரமான வெதுவெதுப்புக் காற்று பேரன்ட்ஸ் கடலின் பனியைக் கரைக்கும், கிழக்குப் பக்கத்திலோ துருவக் குளிர் சைபீரியாவுக்குள் இறங்கும். அவ்வாறாயின் பனி குறைந்ததும் குளிர் கூடியதும் தாயும் பிள்ளையுமல்ல, ஒரு தாய் மக்கள்!

பனிக்குப் பங்கே இல்லையென்று இதனால் தள்ளிவிடவும் முடியாது. 2022-இல் 16 கணினி மாதிரிகளை ஒருங்கே வைத்துச் செய்த ஆராய்ச்சியில், பனி குறைந்தால் மேலைக்காற்று சற்றுத் தளரும் என்பதில் அவை உடன்பட்டன. ஆனால் வானிலை ஆண்டுக்காண்டு தானாகவே மாறும் அளவோடு ஒப்பிட, அத்தளர்ச்சி அற்பமானது. 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸ் மாநிலத்தில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரமிழந்து விறைத்தபோது, துருவப்பனியின்மேல் பழி போட்டவர்கள் இந்த அளவை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்தக் குளிருக்குச் சில வாரங்கள் முன்னர், ஜெட் காற்றுக்கும் வெகு மேலே துருவத்தைச் சுற்றும் சுழற்காற்று நிலைகுலைந்திருந்தது. அதைப் பற்றி அடுத்த வாரம்.