மோட்டார் சைக்கிள் புகைக்குழாயை வீட்டில் செய்தல்

மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தில் எரிந்து முடிந்த வாயுவை வெளியே கொண்டு செல்லும் குழாய்த் தொகுதி புகைக்குழாய் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதன் முழுமைக்கும் சைலன்சர் என்றே பெயர். பட்டறையில் மட்டும் இதை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். என்ஜின் தலையிலிருந்து வளைந்து இறங்கும் முன்பகுதி பெண்ட் பைப். ஒலியை அடக்கும் தடித்த பின்பகுதிதான் சைலன்சர். பழைய வண்டிகளுக்கு மூலக் குழாய் கிடைக்காதபோதும், இருக்கும் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகும்போதும் சிலர் அதைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

வெல்டிங் எனும் பற்றவைப்பைப் புதிதாகக் கற்பவர்கள் இந்த வேலையை விரும்பி எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஃபிரேம், ஹேண்டில்பார் போன்றவை வண்டியின் பாரத்தைத் தாங்குபவை. அவற்றில் ஒரு மூட்டு விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. புதியவர் அவற்றைத் தொடவே கூடாது. புகைக்குழாயில் ஒரு மூட்டு விட்டால் பெரும்பாலும் சத்தம்தான் வரும். ஆனால் பாரம் இல்லை என்பதால் வேலை எளிது என்று எண்ணிவிடக் கூடாது. மெல்லிய வட்டக் குழாயைச் சுற்றிலும் கசிவின்றிப் பற்றவைப்பது, தடித்த பட்டையைப் பற்றவைப்பதை விடக் கடினம்.

குழாயின் வேலை

நான்கு வீச்சு இயந்திரத்தில் வெளியேற்று வால்வு திறந்தவுடன், சூடான வாயு ஓர் அழுத்த அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். குழாய்க்குள் உள்ள வாயு மிகச் சூடானது என்பதால் அங்கே அலையின் வேகம் நொடிக்கு 500 மீட்டரைத் தாண்டும். அலை குழாயின் திறந்த முனையை அடைந்ததும் குறைந்த அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் எஞ்சிய புகையையும் உறிஞ்சி எடுத்துவிடும். எனவே குழாயின் நீளம் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்கு உதவும். மற்ற வேகங்களில் அவ்வளவு உதவாது.

விட்டமும் அப்படியே. குழாய் மிக ஒடுங்கியிருந்தால் வாயு திணறும். மிக அகன்றிருந்தால் வாயுவின் வேகம் குறைந்து, தாழ்ந்த சுழற்சியில் இழுவை போய்விடும். 'பேக் பிரஷர் இருந்தால்தான் வண்டி இழுக்கும்' என்ற பேச்சு இதிலிருந்து பிறந்த தவறான புரிதல். எதிரழுத்தம் இழுவையைத் தருவதில்லை. சரியான விட்டம் வாயுவின் வேகத்தைக் காக்கிறது, அவ்வளவே. முதல் முறை செய்பவர் மூலக் குழாயின் நீளத்தையும் உள்விட்டத்தையும் அப்படியே பின்பற்றுவது நல்லது.

யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் குழாய் வேறு வகை. நடுவில் பருத்து மீண்டும் ஒடுங்கும் அதன் கூம்பு வடிவம், வெளியே தப்பிய புதிய எரிபொருள் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அதைச் செய்யக் கணக்கும் அனுபவமும் வேண்டும். முதல் வேலைக்கு ஏற்றதல்ல.

எந்த வண்டிக்குச் செய்யலாம்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஒலி, காற்று மாசு வரம்புகளை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், 190ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். புதிய இரு சக்கர வண்டிகளுக்குத் தயாரிப்பு நிலையில் வகுக்கப்பட்ட ஒலி வரம்பு 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு உட்பட்ட வண்டிகளின் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றியும் ஆக்சிஜன் உணரியும் இருக்கும். கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றுவது வினையூக்கி மாற்றியின் வேலை. அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பொருத்துவது கைவேலையில் சேராது. தெருவில் நடப்பவர் மூச்சில் நஞ்சைக் கலப்பதாகும். ஆகவே வீட்டில் செய்யும் குழாய், கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிக்கு, மூலக் குழாயின் அளவிலும் ஒலியிலும் செய்யப்படுவதற்கே பொருந்தும்.

உலோகம்

மைல்ட் ஸ்டீல் எனப்படும் மென் எஃகும், எவர்சில்வர் என்று நாம் அழைக்கும் துருப்பிடிக்காத எஃகுமே வழக்கமான தேர்வுகள். எவர்சில்வரில் 304 என்ற வகை எளிதாகக் கிடைக்கும். அதில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. துருப்பிடிக்காது, பளபளக்கும். ஆனால் வெப்பத்தை விரைவில் கடத்தாது. மென் எஃகின் வெப்பக் கடத்தலில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. மேலும், 1 மீட்டர் குழாய் 400 பாகை சூடேறினால் மென் எஃகு சுமார் 5 மி.மீ. நீளும், 304 சுமார் 7 மி.மீ. நீளும். சூடு ஒரே இடத்தில் தேங்குவதும் அதிகம் விரிவதும் சேர்ந்தால், பற்றவைக்கும்போதே குழாய் கோணிக்கொள்ளும். அழகுக்காக எவர்சில்வரில் தொடங்குவதை விட, 1.6 மி.மீ. தடிப்புள்ள மென் எஃகுக் குழாயில் தொடங்கி, பிறகு வெப்பம் தாங்கும் பெயிண்ட் அடிப்பது புதியவருக்கு ஏற்றது.

தண்ணீர்க் குழாயாக விற்கும் ஜி.ஐ. பைப்பை மட்டும் எடுக்கவே கூடாது. அதன் மேல் பூசிய துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும். எஃகு உருக 1,400 பாகைக்கு மேல் வேண்டும். அதாவது எஃகு உருகும் முன்பே துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பிவிடும்.

வளைவு: கணக்கும் மூட்டும்

இந்த வேலையின் வெற்றி பற்றவைப்பதற்கு முன்பே, வளைவை எப்படி உண்டாக்குவது என்று முடிவு செய்யும் இடத்தில் பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது. இணையக் காணொளிகளில் குழாயைச் சிறு துண்டுகளாகச் சாய்த்து வெட்டி, தேங்காய்ச் சில்லுகளைப் போல அடுக்கி வளைவாக்குவதைக் காணலாம். பார்க்க அழகாக இருக்கும். அதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குழாயின் வெளிவிட்டம் 38 மி.மீ., வளைவின் நடுக்கோட்டு ஆரம் 75 மி.மீ., வளைய வேண்டிய கோணம் 90 பாகை என்று கொள்வோம். ஒவ்வொரு மூட்டிலும் 9 பாகை திரும்பினால் 10 மூட்டுகள் வேண்டும். இரு முனைகளிலும் நேர்க்குழாய்கள் இருக்க, இடையில் 9 துண்டுகள் வரும். மூட்டின் இரு பக்கமும் கோணத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொரு வெட்டும் 4.5 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். ஒரு துண்டின் நடுநீளம், ஆரத்தை 4.5 பாகையின் டேன்ஜென்டால் பெருக்கி இரட்டிப்பாக்கினால் கிடைக்கும்: 2 × 75 × 0.0787 = 11.8 மி.மீ. வளைவின் வெளிப்பக்கம் ஆரம் 94 மி.மீ. ஆவதால் அங்கே நீளம் 14.8 மி.மீ.; உட்பக்கம் ஆரம் 56 மி.மீ., நீளம் 8.8 மி.மீ. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் இதற்குப் போதும்.

இனி மூட்டின் நீளம். 38 மி.மீ. குழாயின் சுற்றளவு ஏறக்குறைய 119 மி.மீ. பத்து மூட்டுகளுக்கு 1 மீட்டர் 19 செ.மீ. நீளம் பற்றவைக்க வேண்டும். அதே வளைவை, உள்ளே அச்சு வைத்து நசுங்காமல் வளைத்த ஆயத்தப் பெண்டாக வாங்கினால் இரண்டு மூட்டுகள்தான், 24 செ.மீ. போதும். கோணுவதற்கும் கசிவதற்கும் ஓட்டை விழுவதற்கும் உள்ள வாய்ப்பு ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது. முதல் குழாய்க்கு ஆயத்தப் பெண்டை வாங்குவது தோல்வி அல்ல, சிக்கனம்.

வெட்டும் இடத்தைக் குறிக்க ஒரு பழைய வழி உண்டு. நேர் விளிம்புள்ள தாளைக் குழாயைச் சுற்றி வரிந்து, விளிம்பு தன் மேலேயே சரியாகப் படியும்படி இழுத்துப் பிடித்தால், அந்த விளிம்பு குழாய்க்குச் செங்குத்தான கோட்டைத் தரும். வெட்டிய பின் அரத்தால் பிசிறு நீக்கி, இரு முனைகளையும் சேர்த்து வைத்து உள்ளே ஒரு டார்ச் விளக்கைக் காட்ட வேண்டும். வெளிச்சம் கசியும் இடத்தை மீண்டும் அரத்தால் ராவ வேண்டும். அந்த இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பிவிடலாம் என்று நினைப்பவர்களின் குழாயில்தான் ஓட்டை விழுகிறது.

பற்றவைத்தல்

வீடுகளில் அதிகம் காணப்படுவது ராடு வைத்துப் பற்றவைக்கும் ஆர்க் இயந்திரம். மெல்லிய குழாய்க்கு இது சிரமமானது. வேறு வழியில்லை என்றால் 1.6 முதல் 2 மி.மீ. தடிப்புள்ள குழாயும், 2 மி.மீ. ராடும், 40 முதல் 60 ஆம்பியர் மின்னோட்டமும் கொண்டு, நீளமாக இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைத்துச் சேர்க்கலாம். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் கசடைத் தட்டி எடுக்க வேண்டும். கம்பி தானாக வரும் மிக் வெல்டிங் இதைவிட எளிது, 0.8 மி.மீ. கம்பியே போதும். கட்டுப்பாடு மிகுந்தது ஆர்கான் வாயுவும் டங்ஸ்டன் முனையும் கொண்ட டிக் வெல்டிங். 1.2 மி.மீ. குழாய்க்கு 50 ஆம்பியரை ஒட்டித் தொடங்கலாம். 304க்கு 308எல் வகைக் கம்பியும், எவர்சில்வரை மென் எஃகோடு சேர்க்க 309எல் வகைக் கம்பியும் பயன்படும்.

எந்த முறையானாலும், அதே குழாயின் கழிவுத் துண்டுகளில் பழகி, மூட்டை நெடுக அறுத்து உட்பக்கத்தைப் பார்ப்பதே நல்ல ஆசிரியர். வெளியே அழகாகத் தெரியும் மூட்டு உள்ளே பிடிக்காமலே இருக்கக்கூடும்.

டேக் வைக்கும்போது மட்டும் குழாய் வண்டியில் இருக்க வேண்டும். முதலில் என்ஜின் தலையில் ஃபிளேஞ்சையும் கேஸ்கெட்டையும் போல்ட் போட்டு இறுக்கி, மறுமுனையைத் தாங்கியில் பொருத்தி, இடைப்பட்ட குழாயைக் கால், பிரேக் பெடல், எண்ணெய் வடிகால் ஆகியவற்றுக்கு இடம் விட்டு அமைக்க வேண்டும். அதற்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தொலைவில் வைத்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். எர்த் கிளிப்பைக் குழாயிலேயே மாட்ட வேண்டும். வண்டியின் வேறு பகுதியில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகவும் வயரிங் வழியாகவும் பாயக்கூடும். ஒவ்வொரு மூட்டிலும் எதிரெதிராக நான்கு டேக் வைத்தபின் குழாயைக் கழற்றி மேசையில் முழுதாகப் பற்றவைக்கலாம். ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி, இடையே ஆறவிட்டுச் செய்ய வேண்டும். ஃபிளேஞ்சை ஒரு தடித்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு வைத்துப் பற்றவைத்தால் கோணாது.

எவர்சில்வரானால் குழாயின் உட்பக்கத்திலும் ஆர்கான் நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்மூட்டு காற்றோடு வினைபுரிந்து, கருகிய சர்க்கரைபோலப் பொரிந்துவிடும். பின்னாளில் அங்கேதான் விரிசல் விடும். ஆர்கான் காற்றை விடக் கனமானது. ஆகவே கீழ்முனை வழியாக வாயுவை விட்டு, மேல்முனையை ஒட்டி அதில் ஒரு சிறு துளை வைக்க வேண்டும்.

தாங்கிப் பட்டையை மெல்லிய குழாயின் மேல் நேரடியாகப் பற்றவைத்தால் அதிர்வில் குழாயே கிழியும். குழாய்மேல் ஓர் அகன்ற ஒட்டுத் தகட்டை வைத்து, அதன்மேல் பட்டையைப் பற்றவைப்பது வழக்கம். பெண்ட் பைப்பையும் சைலன்சரையும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூட்டாக விட்டால் விரிவுக்கு இடம் கிடைக்கும். சைலன்சருக்குள் துளையிட்ட குழாயும், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சும் இருக்கும். பஞ்சு காலப்போக்கில் எரிந்து குறையும், அப்போது ஒலி கூடும். திறந்து மாற்றும்படி செய்வது நல்லது.

இரவில் தெரியும் காயங்கள்

தீக்காயத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்த வேலையின் பல தீங்குகளோ அப்போது வலிப்பதே இல்லை. ஆர்க் ஒளியின் புறஊதாக் கதிர் கண்ணில் பட்டால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரியும். அருகில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது வரும். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தவருக்கும் மாலையில்தான் குளிரும் காய்ச்சலும் தொடங்கும். எவர்சில்வர் புகையிலுள்ள ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதன் விளைவு தெரிய ஆண்டுகள் ஆகும். சாதாரணத் துணி முகமூடி இவற்றைத் தடுக்காது. புகைக்கென உள்ள வடிகட்டி முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும்.

குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் குழாயைத் துடைத்துவிட்டு அதன்மேல் ஆர்க் மூட்டக் கூடாது. அந்த ஆவி பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவாக மாறும். அசிட்டோனால் துடைத்து, முழுதும் உலர்ந்தபின் வேலையைத் தொடங்கலாம். உடை பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

சோதனை

வண்டியில் மாட்டும் முன், குழாயின் ஒரு முனையை அடைத்து மறுமுனையில் காற்றடித்து, மூட்டுகளில் சோப்பு நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். கசிவைச் சிறிதென்று விட்டுவிடக் கூடாது. ஃபிளேஞ்ச் அருகே உள்ள ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுத்து, ஆக்சிலேட்டரை விடும்போது படபடவென வெடிக்கச் செய்யும். முதல் முறை என்ஜினை ஓட்டுவது திறந்த வெளியில் நடக்க வேண்டும். மூடிய கொட்டகையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழாய் மாறியதால் ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்துத் தெரிந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டியிருக்கலாம். பத்து நிமிடம் ஓட்டி, முழுதும் ஆறவிட்டு, ஃபிளேஞ்ச் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். சூட்டில் கேஸ்கெட் அமுங்குவதால் அவை தளர்ந்திருக்கும்.