கட்டுமானப் பிணக்குகள்: சட்டமும் அளவையும்

ஓர் அணையோ பாலமோ நெடுஞ்சாலையோ கட்டி முடிக்கப்பட்டுப் பொதுமக்களின் பயனுக்கு வந்துவிட்ட பின்னரும், கட்டியவருக்கும் கட்டுவித்தவருக்கும் இடையேயுள்ள கணக்குப் பல சமயங்களில் முடிவதில்லை. சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். அச்சாலையைப் பற்றிய வழக்கோ ஒரு மன்றத்திலிருந்து மற்றொரு மன்றத்திற்கு ஏறிக்கொண்டிருக்கும். கடன் பத்திரம் பற்றிய ஒரு வழக்கில் நீதிபதி தீர்மானிக்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றிரண்டு செய்திகளே. கட்டுமானப் பிணக்கில் அவ்வாறன்று. நிலம் எப்போது ஒப்படைக்கப்பட்டது, வரைபடம் எந்த நாளில் வந்தது, அடித்தளத்தில் எதிர்பாராத பாறை தென்பட்டதா, சிமென்டின் விலை எவ்வளவு ஏறியது எனப் பல வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். வெளித்தோற்றத்தில் இவை சட்ட வினாக்கள். உள்ளே நோக்கினால் பெரும்பாலானவை அளவை பற்றிய வினாக்களே. ஆதலால், வழக்கறிஞரின் வாதத்திறமையைக் காட்டிலும், வேலை நடந்த காலத்தில் எழுதி வைக்கப்பட்ட குறிப்புகளே இத்தகைய வழக்குகளின் போக்கைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன.

மத்தியப் பிரதேசத்தில் ஜான்சி–லக்னாதோன் பகுதியில் நான்கு தட நெடுஞ்சாலை அமைப்பதற்காக, இந்திய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் 2006ஆம் ஆண்டில் கொரிய நாட்டைச் சேர்ந்த சாங்யாங் பொறியியல் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வரலாறு இதற்கு ஒரு சான்று. ஒப்பந்தத் தொகை சுமார் 219 கோடி ரூபாய். சிமென்டு, எஃகு, தார், எரிபொருள் முதலியவற்றின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதற்கேற்பத் தொகையைத் திருத்தி அளிப்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு சூத்திரம் இருந்தது. மத்திய அரசு வெளியிடும் மொத்த விலைக் குறியீட்டெண்களே அச்சூத்திரத்தின் ஆதாரம். அக்குறியீட்டெண்கள் அப்போது 1993–94ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டிருந்தன. 2010 செப்டம்பரில் அரசு அத்தொடரை நிறுத்திவிட்டு, 2004–05ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடரை வெளியிடத் தொடங்கியது. சாலை வேலை பாதியில் இருக்கும்போதே, அளவுகோல் மாறிவிட்டது.

இம்மாற்றத்தால் நேரும் விளைவை ஒரு கற்பனைக் கணக்கினால் எளிதில் உணரலாம். ஒப்பந்தம் செய்த நாளில் எஃகின் குறியீட்டெண் பழைய தொடரில் 130 என்று கொள்வோம். பின்னர் ஒரு மாதத்தில் பழைய தொடரில் 180 ஆகவும் புதிய தொடரில் 120 ஆகவும் அது இருந்ததாயின், புதிய எண்ணை 1.5 ஆல் பெருக்கினால் பழைய தொடருக்குரிய எண் கிடைக்கும். இப்பெருக்கெண்ணுக்கு இணைப்புக் காரணி என்று பெயர். சில ஆண்டுகள் கழித்துப் புதிய தொடரில் எண் 140 ஆனால், பழைய தொடரில் அது 210 ஆகும். வேறொரு மாதத்தைக் கொண்டு கணக்கிட்டதில் இணைப்புக் காரணி 1.6 என்று வருமாயின், அதே 140 இப்போது 224 ஆகிவிடும். எஃகுக்குரிய 1 கோடி ரூபாய் வேலையில் இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 10.77 இலட்சம் ரூபாய். இது பல ஆண்டுகளுக்கும், பல பொருள்களுக்கும் பெருகும்போது தொகை எவ்வளவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2013 பிப்ரவரியில் ஆணையம் ஒரு சுற்றறிக்கையின் மூலம், இணைப்புக் காரணியைக் கொண்டு கணக்கிடும் ஒரு புதிய முறையை வகுத்தது. ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு முறையை ஒரு தரப்பார் மட்டும் வகுக்க இயலாது என்று நிறுவனம் மறுத்தது. பிணக்கு மூன்று நடுவர்களிடம் சென்றது. 2016ஆம் ஆண்டில் இருவர் சுற்றறிக்கையை ஏற்றனர். அதோடு நில்லாமல், இரு தரப்பாரும் முன்வைக்காத அரசு வழிகாட்டிக் குறிப்புகளைத் தாமே தேடி எடுத்து, தம் முடிவுக்குத் துணையாகவும் கொண்டனர். மூன்றாமவர் உடன்படவில்லை. டில்லி உயர் நீதிமன்றத்தில் இருமுறை தோற்ற நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2019 மே 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மை முடிவை நீக்கியது. எதிர்த்தரப்பாருக்குக் காட்டப்படாத ஆவணத்தைக் கொண்டு முடிவு செய்ததும், ஒரு தரப்பார் ஏற்காத புதிய ஒப்பந்தம் ஒன்றை அவர்மீது சுமத்தியதும் அதற்குக் காரணங்கள். வழக்கை மீண்டும் தொடக்கத்திற்கு அனுப்புவதற்கு மாறாக, தனித்து நின்ற மூன்றாம் நடுவரின் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. அளவுகோல் நடுவில் மாறினால் என்ன செய்வது என்பதற்கு ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதியிருந்தால், இத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டிராது.

விலையைவிடக் கடினமானது காலம். கட்டுமானப் பிணக்குகளில் ஆகப் பெரும்பகுதி தாமதத்தைப் பற்றியது. ஆயினும், ஒரு வேலை 40 நாள் தாமதமாயிற்று என்பதனால் முழுத்திட்டமும் 40 நாள் தாமதமாயிற்று என்று பொருளாகாது. ஒரு பாலத்தின் ஒரு கரையில் நிலம் 40 நாள் பிந்தி ஒப்படைக்கப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். அக்கரையின் வேலை, மற்ற வேலைகளைப் பாதிக்காமல் 30 நாள் காத்திருக்கக் கூடியதாயின், திட்டத்தை உண்மையில் நிறுத்தியவை 10 நாள்களே. அந்தப் 10 நாளில் 6 நாள், ஒப்பந்தக்காரரின் துளையிடும் இயந்திரமும் பழுதுற்றுக் கிடந்தது என்றால், அந்த 6 நாளுக்கு இருவருமே காரணராவர். அவ்வாறாயின் 10 நாள் கால நீட்டிப்பு வழங்கி, 4 நாளுக்கு மட்டும் நஷ்டஈடு அளிப்பதே பொதுவாகப் பின்பற்றப்படும் வழி. எந்த வேலைகளின் சங்கிலி திட்டத்தின் முடிவு நாளை நிர்ணயிக்கிறதோ அதனைக் கண்டறியும் முறை 1950களின் இறுதியில் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. இன்று கணிப்பொறி அதனை நொடியில் செய்துவிடுகிறது. ஆனால், இயந்திரம் எந்த நாளில் பழுதுற்றது என்பதைக் கணிப்பொறி அறியாது. அதனைச் சொல்ல வேண்டியது வேலைத்தலத்தில் வைக்கப்படும் தடைப் பதிவேடு. இரு தரப்பாரும் அன்றன்றே கையொப்பமிட்ட பதிவேட்டுக்கு இருக்கும் மதிப்பு, வழக்குத் தொடங்கிய பின் நிபுணர் தயாரிக்கும் வண்ண வரைபடத்திற்கு இருப்பதில்லை.

தாமத நாள்கள் நிர்ணயமான பின், அவற்றைப் பணமாக மாற்றுவது அடுத்த தொல்லை. வேலைத்தலத்தில் சும்மா நின்ற ஆள்களுக்கும் இயந்திரங்களுக்கும் கணக்குக் காட்டலாம். தலைமை அலுவலகச் செலவையும் இழந்த இலாபத்தையும் எவ்வாறு காட்டுவது? கட்டுமான ஒப்பந்தங்களைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலச் சட்ட நூலொன்றின் பெயரால் வழங்கும் ஹட்சன் சூத்திரம் இதற்கு ஒரு குறுக்கு வழி காட்டுகிறது. 36 மாதத்தில் முடிக்க வேண்டிய 36 கோடி ரூபாய் வேலையில் இச்செலவும் இலாபமும் நூற்றுக்குப் பத்து என்றால், மாதத்திற்கு 10 இலட்சம் ஆகிறது. ஆறு மாதத் தாமதத்திற்கு 60 இலட்சம். எந்தச் சூத்திரத்தைக் கையாள்வது என்பது நடுவரின் பொறுப்பென்று உச்ச நீதிமன்றம் 2006இல் மக்டர்மாட் வழக்கில் கூறியது. எனினும் சூத்திரம் என்பது நஷ்டத்தை அளக்கும் கருவியே. நஷ்டம் நேர்ந்தது என்பதற்குச் சான்று ஆகாது. ஒப்பந்தக்காரர் அந்த ஆறு மாதத்தில் தம் ஆள்களை வேறொரு வேலைக்கு அனுப்பிப் பயனடைந்திருப்பின், 60 இலட்சம் என்பது வெறும் எண்தான்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே இவற்றிற்கெல்லாம் இன்றும் அடிப்படை. ஒப்பந்த மீறலால் இயல்பாக விளைந்த நஷ்டத்திற்கு ஈடு கோரலாம் என்கிறது 73ஆம் பிரிவு. முன்கூட்டியே ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தாலும் அதற்கு மேற்படாமல் நியாயமான ஈடே கிடைக்கும் என்கிறது 74ஆம் பிரிவு. அதிகம் கவனிக்கப்படாதது 55ஆம் பிரிவு. காலம் முக்கியமான ஓர் ஒப்பந்தத்தில், பிந்திச் செய்த வேலையை ஒருவர் ஏற்றுக்கொள்வாராயின், ஏற்கும் வேளையிலேயே ஈடு கோரும் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். அறிவிக்காதவர் பின்னர் கேட்க இயலாது. உரிய நாளில் எழுதாத ஒரு கடிதத்தால் பெருந்தொகையை இழந்தவர் பலர்.

ஆவணங்கள் இருந்தாலும் அவற்றை எடைபோடுவோர் தவறலாம் என்பதற்கு டில்லி விமான நிலைய இருப்புப்பாதை வழக்கு உதாரணம். மெட்ரோ ரயில் கழகம் கட்டிய மேம்பாலத்தின்மேல் ஒரு தனியார் நிறுவனம் ரயில் நடத்துவது என்பது ஏற்பாடு. பாதை 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பாலத்தின் தாங்கிகளிலும் உத்தரங்களிலும் குறைகள் காணப்பட்டமையால் 2012 ஜூலையில் போக்குவரத்து நின்றது. 90 நாளுக்குள் குறை நீக்கப்படவில்லை என்று கூறி, அக்டோபரில் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது. ஆனால் 2013 ஜனவரியில் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர், வேக வரம்பு விதித்து, ரயில் ஓடலாம் எனச் சான்றளித்தார்; ரயிலும் ஓடியது. 2017இல் நடுவர் மன்றம் நிறுவனத்திற்குச் சுமார் 2,782 கோடி ரூபாயும் வட்டியும் அளிக்குமாறு தீர்த்தது. டில்லி உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி அதனை ஏற்றார். இருவர் அமர்வு 2019இல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2021இல் மீண்டும் ஏற்றது. அதே நீதிமன்றம் 2024 ஏப்ரலில், அரிதினும் அரிதான குறைதீர் மனுவின் மீது, அதனை நீக்கியது. குறையை நீக்கப் பயனுள்ள நடவடிக்கை எடுத்தாலும் போதும் என்ற ஒப்பந்தச் சொற்களையும், ஆணையரின் சான்றையும் நடுவர்கள் உரியவாறு கருதவில்லை என்பது காரணம். தொங்கிய வினா, ஒரு பாலத்தின் குறை 90 நாளில் நீங்கியதா அல்லது நீங்கும் வழியில் இருந்ததா என்பது. பொறியியலார் விடை சொல்ல வேண்டிய அவ்வினாவுக்கு முடிவு காண ஏறத்தாழ 12 ஆண்டுகள் கடந்தன.

இத்தகைய நீட்சியைத் தடுப்பதே நடுவர் முறையின் நோக்கம். 1940ஆம் ஆண்டுச் சட்டம் அதில் வெற்றி பெறாமையால் 1996இல் புதிய சட்டம் வந்தது. 2015இல் காலவரம்பு விதிக்கப்பட்டது. 2019இல் செய்த மாற்றத்தின்படி, வாதப் பிரதிவாத மனுக்கள் முடிந்தபின் 12 மாதத்தில் தீர்ப்புக் கூற வேண்டும்; இரு தரப்பாரும் இசைந்தால் மேலும் 6 மாதம். தீர்ப்பை எதிர்த்து மனுச் செய்தாலே அதன் நிறைவேற்றம் நின்றுவிடும் என்ற பழைய நிலையும் 2015இல் மாறியது. ஒப்பந்தக்காரரின் பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்ததைக் கண்ட மத்திய அமைச்சரவை, எதிர்க்கப்பட்ட தீர்ப்புத் தொகையில் நூற்றுக்கு 75 பங்கை வங்கி உத்தரவாதத்தின் பேரில் அளிக்கலாமென 2016இல் முடிவு செய்தது. கட்டுவிக்கும் அரசு நிறுவனமே தயாரித்த பட்டியலிலிருந்துதான் நடுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரரைக் கட்டாயப்படுத்துவது சமநீதிக்கு ஒவ்வாது என்று, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறியது.

பிணக்கு முற்றும் வரை காத்திராமல், வேலை தொடங்கும்போதே இரண்டு மூன்று பொறியியல் அறிஞர்களைக் கொண்ட தகராறு ஆய்வுக் குழு ஒன்றை அமைத்து, அவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை வேலைத்தலத்தைப் பார்த்துவரும் ஏற்பாடும் பல பெரிய திட்டங்களில் உண்டு. அடித்தளத்தில் கண்ட பாறை மண்ணால் மூடப்படுமுன் அதனைக் கண்ணால் கண்டு முடிவு கூறுவது இம்முறையின் பெருஞ்சிறப்பு. இதற்குத் தடையாயிருப்பது பெரும்பாலும் சட்டமன்று, அச்சமே. ஒப்பந்தக்காரருக்கு ஐந்து கோடி தரலாம் என்று கையொப்பமிடும் அதிகாரி நாளைத் தணிக்கையில் விடை கூற நேரும். வழக்காடித் தோற்று, வட்டியுடன் பத்துக் கோடி செலுத்தினால் எவரும் அவரைக் கேட்பதில்லை. 2024 ஜூன் 3ஆம் நாள் நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இந்நிலையைக் கருத்திற் கொண்டவை. பெரிய கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் முறையை வழக்கமான விதியாகச் சேர்க்க வேண்டாமென்றும், சேர்த்தாலும் அதனைப் பொதுவாக 10 கோடி ரூபாய்க்குட்பட்ட பிணக்குகளுக்கே வரையறுக்கலாமென்றும், 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டப்படி உடன்பாடு காண முயல வேண்டுமென்றும் அவை கூறுகின்றன. பெருந்தொகைப் பிணக்குகளில், ஓய்வு பெற்ற நீதிபதி, ஓய்வு பெற்ற உயர் அதிகாரி, தொழில்நுட்ப நிபுணர் போன்றோரைக் கொண்ட உயர்நிலைக் குழுவை அமைச்சகங்கள் அமைத்துக்கொள்ளவும் இடமுண்டு. அவ்வாறு அமைக்கப்படும் குழுவின் முன் முதலில் வைக்கப்பட வேண்டியவையும், அளவுப் புத்தகமும் தடைப் பதிவேடும், இரு தரப்பாரும் அந்தந்த நாளில் எழுதிய கடிதங்களுமே.