கிணற்றடியில் ஒரு குழந்தை

மனித நெஞ்சில் நன்மை பிறவியிலேயே முளைவிட்டிருக்கிறது என்று வாதிட்டவர் சீனச் சிந்தனையாளர் மென்சியஸ். கன்பூசியஸ் (கி.மு. 551–479) மறைந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், இன்றைய ஷான்டாங் மாகாணத்தில் பிறந்தவர். சீன நாடுகள் ஒன்றையொன்று விழுங்கத் துடித்த காலம் அது. படை திரட்டுவதிலும் எல்லையை விரிப்பதிலும் மூழ்கியிருந்த மன்னர்களின் அவைகளில்தான் அவர் அறம் பேசினார். அவர் பெயரையே தாங்கி, ஏழு இயல்களாகக் கிடைத்திருக்கும் நூலில் அந்த உரையாடல்கள் நிறைந்திருக்கின்றன.

அவருடைய புகழ்பெற்ற சான்று கிணற்றைப் பற்றியது. சிறு குழந்தை ஒன்று கிணற்றில் விழப்போகிறது. பார்ப்பவர் எவரானாலும் நெஞ்சு பதைக்கும். பெற்றோரின் நன்மதிப்பைப் பெறலாம், ஊரார் மெச்சுவார்கள் என்றெல்லாம் கணக்குப் போட அந்தக் கணத்தில் நேரமில்லை. எல்லோரும் ஓடிப் போய்க் குழந்தையைக் காப்பாற்றுவார்கள் என்று மென்சியஸ் சொல்லவில்லை. இதைக் கவனிக்காமல் படிப்பவர்கள் அவரை வெகுளி என்று நினைத்துவிடுகிறார்கள். பதைப்பு வெறும் முளை. அது வளர்ந்தால்தான் அன்பு. அதுபோலவே நாணம் நேர்மையாக வளர்கிறது, விட்டுக்கொடுக்கும் மனம் பண்பாகிறது, சரி தவறு காணும் உணர்வு அறிவாகிறது.

முளை எப்படி வளரும்? முதல் இயலில் வரும் காளைக் கதையில் விடை இருக்கிறது. ச்சி நாட்டு மன்னர் சுவான் மாளிகையில் அமர்ந்திருக்கிறார். மணிக்கு இரத்தம் பூசும் சடங்குக்காக ஒரு காளையை இழுத்துச் செல்கிறார்கள். அதன் நடுக்கத்தைக் காணப் பொறுக்காத மன்னர், அதை விட்டுவிட்டு ஓர் ஆட்டைக் கொண்டுபோகச் சொல்கிறார். விலைக்கு அஞ்சிவிட்டார், மன்னர் கஞ்சர் என்று ஊர் பேசுகிறது. மன்னருக்கே தன் மனம் விளங்கவில்லை. காளையை நேரில் கண்டீர்கள், ஆட்டைக் காணவில்லை என்று மென்சியஸ் அவரைத் தேற்றுகிறார். அடுத்து வரும் கேள்வி கடுமையானது. ஒரு விலங்கை எட்டிய இரக்கம் சொந்தக் குடிமக்களை ஏன் எட்டவில்லை? முடியாமல் இல்லை, மன்னர் செய்யவில்லை என்பதே அவர் தீர்ப்பு. ஏற்கெனவே உள்ள இரக்கத்தை, அது இன்னும் எட்டாத இடங்களுக்குக் கொண்டுசெல்வதுதான் மென்சியஸுக்கு அறவாழ்வு.

உபதேசத்தோடு அவர் நின்றுவிடாதது பெரிய விஷயம். நிலையான பிழைப்பு இல்லாத மக்களிடம் நிலையான மனத்தை எதிர்பார்க்க முடியாது என்று அதே மன்னரிடம் சொல்கிறார். வறுமையில் தவிக்கவிட்டு, குற்றம் செய்ததும் தண்டிப்பது மக்களுக்கு வலை விரிக்கும் வேலை. ஆகவே பட்டுக்கு மல்பெரி மரம், கோழி, பன்றி வளர்ப்பு, உழவுக் காலத்தில் குடியானவர்களை வேறு வேலைக்கு இழுக்காமை என்று விவரமாகவே பேசுகிறார். அறத்தைப் பற்றிப் பேசும் எத்தனையோ நூல்கள் தொடாத இடம் இது.

முளையை வளர்ப்பதில் அவசரமும் ஆகாது என்கிறார் மென்சியஸ். சொங் நாட்டு உழவன் ஒருவன், பயிர் வளரவில்லையே என்று ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிட்டானாம். மகன் ஓடிப் போய்ப் பார்த்தபோது எல்லாம் வாடிக் கிடந்தன.

நன்மை பிறவியிலேயே உண்டு என்ற மென்சியஸின் கருத்தை, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சுன்சி என்ற சிந்தனையாளர் நேரடியாக மறுத்தார். மனித இயல்பு தீயது. ஆசையையும் பொறாமையையும் அவற்றின் போக்கில் விட்டால் சண்டையில்தான் முடியும். வளைந்த மரத்தை நீராவியில் வாட்டிச் சட்டத்தில் இறுக்கி நிமிர்த்துவதுபோல, ஆசிரியரும் சடங்கு முறைகளும் மனிதனைத் திருத்த வேண்டும் என்பது அவர் வாதம். ஆனாலும் தெருவில் போகும் எவரும் பண்டைய அறவேந்தர் யூவைப் போல ஆகலாம் என்று சுன்சியே எழுதுகிறார். நன்மையின் சுவடே இல்லாதவன் நல்லவனாக ஏன் விரும்புவான் என்ற கேள்விக்கு மட்டும் அவர் தரும் விடை வலுவற்றது. அங்கே மென்சியஸின் கை ஓங்குகிறது. பழக்கமும் கல்வியும் மனிதனை மாற்றும் விதத்தையோ சுன்சியளவு நுணுக்கமாக மென்சியஸ் எழுதவில்லை.

12-ஆம் நூற்றாண்டில் கன்பூசிய அறிஞர் ஜூ சீ முன்னிறுத்திய ‘நான்கு நூல்கள்’ வரிசையில் மென்சியஸுக்கு இடம் கிடைத்தது, சுன்சிக்குக் கிடைக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1905-ல் அரசுத் தேர்வு முறை ஒழிக்கப்படும் வரை அந்த நான்கு நூல்களே பாடத்தின் அடித்தளம். சுன்சி ஒதுங்கிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். புதிதாகப் படிக்க வருபவர்கள் காளை உரையாடலில் தொடங்கட்டும். கையோடு, மனித இயல்பு குறித்த சுன்சியின் அத்தியாயத்தையும் படித்துவிடட்டும்.