தோலுக்கு இலக்கமிட்ட மருத்துவர்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் தோல் மருத்துவ நிலையம் ஒன்றுக்குச் செல்லும் தமிழர் எவரது மருத்துவக் குறிப்பிலும் ஒன்று முதல் ஆறு வரையிலான ஓர் இலக்கம் எழுதப்பட்டிருக்கக் காணலாம். பெரும்பாலும் அது நான்காகவோ ஐந்தாகவோ இருக்கும், சிலருக்கு ஆறு. லேசர் கதிர் கொண்டு முடி அகற்றுபவர்களும், சொரியாசிஸ் நோய்க்கு ஒளிச் சிகிச்சை அளிப்பவர்களும் இந்த இலக்கத்தைப் பார்த்தே கதிரின் அளவைத் தீர்மானிக்கின்றனர். கைத்தொலைபேசியில் நாம் அனுப்பும் சிரித்த முகங்களுக்கும் உயர்த்திய கட்டைவிரல்களுக்கும் 2015ஆம் ஆண்டு முதல் ஐந்து நிறங்கள் கிடைப்பதும் இதே அளவுகோலின் அடிப்படையில்தான். அளவுகோலின் முதல் இரு வகைகளும் அங்கு ஒன்றாக்கப்பட்டுள்ளன.

இதனை வகுத்தவர் தோமஸ் ஃபிற்ஸ்பற்றிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். 1919இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் மெடிசன் நகரில் பிறந்து, 2003 ஆகஸ்ட்டில் மசாசூசெட்சில் காலமானார். மெலனோமா எனப்படும் கொடிய தோற் புற்றுநோயை அது பரவுமுன்னர் கண்டுபிடிக்கும் முறைக்கு வழிகோலியவர்களில் ஒருவர். அதேவேளை அவரது குழு உருவாக்கிய சிகிச்சை ஒன்றே பிற்காலத்தில் அந்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பை அதிகரிப்பதாக ஆய்வுகள் காட்டின. அவர் வகுத்த அளவுகோல் நம்மைப் போன்றவர்களை மனதிற் கொண்டு உருவானதல்ல என்பது இன்றைய விமர்சனம். பிறம்ரன் போன்ற ஒரு நகரில் இருந்துகொண்டு இந்த மருத்துவரின் வாழ்வை நோக்கும்போது இம்மூன்றும் தனித்தனிச் செய்திகளாகத் தோன்றவில்லை. இந்நகரில், 2021 குடிசன மதிப்பீட்டின்படி, மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தெற்காசியர்கள்.

ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் 1945இல் பட்டம் பெற்ற ஃபிற்ஸ்பற்றிக், இராணுவ சேவையின்போது மேரிலாந்து மாநிலத்தின் எட்ஜ்வூட்டில் அமைந்திருந்த இரசாயன ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். அங்கு அவருக்குக் கிடைத்த சகபாடி ஆரன் லேர்னர். பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில் மெலற்றோனின் என்ற சுரப்பைக் கண்டறிந்து புகழ் பெற்றவர் இவரே. மனிதத் தோல் எவ்வாறு கருமை பெறுகின்றது என்ற கேள்வியை இவ்விருவரும் கையிலெடுத்தனர். தாவரங்களிலும் விலங்குகளிலும் அறியப்பட்டிருந்த தைரோசினேஸ் என்ற நொதியம் மனிதத் தோலிலும் உண்டு என்பதையும், மெலனின் என்ற கருநிறமியை ஆக்குவது அதுவே என்பதையும் அவர்களது குழு 1950இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் நிறுவியது.

அதுவரை தோல் மருத்துவம் பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் பெயர் வைக்கும் கலையாகவே இருந்து வந்தது. களிம்பு பூசுகின்ற துறை என்று ஏனைய மருத்துவர்கள் அதனைச் சற்று இளக்காரமாக நோக்கியதும் உண்டு. உயிர் இரசாயனத்தை அதற்குள் கொண்டுவந்தவர்களில் ஃபிற்ஸ்பற்றிக் முக்கியமானவர். ஓரிகன் மருத்துவக் கல்லூரியில் தோல்நோய்ப் பிரிவின் தலைவராக இருந்துவிட்டு, 1959இல், 39 வயதில், ஹார்வர்டின் தோல் மருத்துவப் பேராசிரியர் பதவியையும் பொஸ்டன் நகரின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அத்துறையின் தலைமையையும் ஏற்றார். 1987 வரை அத்தலைமையில் இருந்தார். 1971இல் அவரும் சகபாடிகளும் வெளியிட்ட பெரும் பாடநூல் இன்றும் அவரது பெயரிலேயே புதிய பதிப்புகளாக வெளிவருகின்றது.

பொஸ்டனில் நடந்த ஆய்வுகளில் தமிழ் வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டியது நிறத்தைப் பற்றியது. மெலனின் எங்கு உற்பத்தியாகின்றது என்ற கேள்விக்கு, நிறமிக் கலங்களுக்குள் இருக்கும் மெலனோசோம் என்ற நுண்துணிக்கையில் என்ற விடையை, ஜப்பானியரான மக்கோட்டோ செய்ஜி உள்ளிட்டோருடன் சேர்ந்து 1961இல் அவர் முன்வைத்தார். 1969இல் அவரது குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு, இந்தத் துணிக்கைகளுக்கு வெவ்வேறு இனத்தவரின் தோலில் என்ன நேர்கின்றது என்பதை ஆராய்ந்தது. உடலின் ஒரே இடத்தை எடுத்துக்கொண்டால், நோர்வேக்காரருக்கும் வவுனியாக்காரருக்கும் நிறமி ஆக்கும் கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு அந்தத் துணிக்கைகளின் பருமனிலும் அவை அடுக்கப்படும் விதத்திலும் உள்ளது. வெள்ளைத் தோலில் அவை சிறியன. பல சேர்ந்து ஒரே பொதியாகக் கிடக்கும். கருந்தோலில் பெரியன, தனித்தனியே பரவி, கலத்தின் கருவுக்கு மேல் குடை பிடித்தாற்போல் அமர்ந்து புற ஊதாக் கதிரைத் தடுக்கும். மணமகள் தேவை விளம்பரங்களில் 'மாநிறம்', 'பொதுநிறம்', 'சிவந்த நிறம்' என்று நாம் தரம் பிரிப்பதெல்லாம் இந்தப் பொதி கட்டும் முறையைத்தான்.

மெலனோமாவுக்கு வருவோம். இந்த நிறமிக் கலங்களே கட்டுமீறிப் பெருகும்போது உண்டாகும் புற்றுநோய் இது. தோலின் மேற்பரப்பில் இருக்கும்வரை வெட்டி அகற்றிக் குணப்படுத்தலாம். ஆழமாக இறங்கிவிட்டால் நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் பரவும். 1960களில் பொஸ்டன் மருத்துவமனையில் ஃபிற்ஸ்பற்றிக், நோயியலாளர் வோலஸ் கிளார்க், மார்ட்டின் மிம் ஆகியோர் கருந்தேமல்களையும் மச்சங்களையும் பரிசோதிப்பதற்கென்றே தனி மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தினர். தோல் மருத்துவர், சத்திரசிகிச்சை நிபுணர், நோயியலாளர் மூவரும் ஒரே நோயாளியை ஒன்றாகப் பார்க்கும் ஏற்பாடு அன்று புதுமையானது.

மெலனோமா எத்தனை வகைப்படும், எவ்வளவு ஆழம் இறங்கினால் எவ்வளவு ஆபத்து என்பதைக் கிளார்க் 1969இல் வெளியிட்ட கட்டுரை வரையறுத்தது. அதன் இணை ஆசிரியர்களில் ஒருவரான லின் ஃப்ரொம் பின்னர் ரொறன்ரோவின் மகளிர் கல்லூரி மருத்துவமனையில் பணியாற்றியவர் என்பது இந்நகரத்தவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. மறு ஆண்டில் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியலாளர், கட்டியின் தடிப்பை மில்லிமீற்றரில் அளந்தால் போதும் என்று இன்னும் எளிதாக்கினார். 1973இல் மிம், ஃபிற்ஸ்பற்றிக் ஆகியோர் வர்ணப் படங்களுடன் வெளியிட்ட கட்டுரை, ஆரம்ப நிலை மெலனோமா கண்ணுக்கு எவ்வாறு தோன்றும் என்பதைச் சாதாரண குடும்ப மருத்துவருக்கும் காட்டிக் கொடுத்தது. மச்சத்தின் ஓரம் கோணலாக இருக்கின்றதா, பல நிறங்கள் கலந்துள்ளனவா என்று இன்று மருத்துவர்கள் பார்ப்பது அந்த மரபில் வந்ததே.

ஆனால் இந்தப் பார்வை பெரும்பாலும் வெள்ளைத் தோலில் பழகிய பார்வை. கருந்தோலினருக்கு மெலனோமா அரிது. அமெரிக்காவில் கறுப்பினத்தவரை விட வெள்ளையருக்கு இது இருபது மடங்குக்கும் மேல் அதிகமாக ஏற்படுகின்றது. ஏற்படும்போதோ, வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே அதிகம் தோன்றுகின்றது. றெகே இசைக் கலைஞர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்ட நோய் இந்த வகையே. 1981 மே மாதம் 36 வயதில் அவர் இறந்தார். உள்ளங்காலை எவரும் வெயிலில் காய வைப்பதில்லை. பூச்சுக் களிம்பும் அதைத் தடுக்காது. ஆணி, பழைய காயம், இரத்தக் கட்டு என்று நோயாளியும் மருத்துவரும் தள்ளிப்போட்டுக் கொண்டிருக்க, கண்டுபிடிக்கப்படும்போது நோய் முற்றியிருக்கும். இந்நோய் கண்ட கறுப்பின அமெரிக்கர்களில் ஐந்து ஆண்டுகள் உயிர் தப்புவோரின் விகிதம் வெள்ளையரை விடக் குறைவாக இருப்பதற்கு இந்தத் தாமதம் முக்கிய காரணம் எனக் கூறப்படுகின்றது.

இனி அந்த அளவுகோலின் கதை. அது நம் ஊர்ச் செடி ஒன்றுடன் தொடர்புடையது. தோலில் வெண்புள்ளி விழும் நோய்க்குச் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கார்போகரிசியின் விதையில் சோராலென் என்ற பொருள் உண்டு. அந்தச் செடியின் தாவரவியற் பெயரிலிருந்தே பொருளுக்கும் பெயர் வந்தது. விதையைப் பூசி வெயிலில் நின்றால் தோல் கருக்கும். நைல் நதிக் கரையில் எகிப்தியர் வேறொரு செடியைக் கொண்டு இதையே செய்தனர். தேசிக்காயிலும் சோராலென் உண்டு. கோடைகாலத்தில் வெளியே நின்று தேசிக்காய் பிழிந்த கையில் மறுநாள் கொப்புளம் எழுந்தால் காரணம் அதுவே. (வெண்புள்ளியைத் தொழுநோயுடன் சேர்த்து 'வெண்குஷ்டம்' என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. இரண்டுக்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை. அது தொற்றுவதும் இல்லை.)

கெய்ரோவில் அப்தெல் மொனெம் எல் மொப்ரி என்ற மருத்துவர் இந்தப் பொருளைத் தூய வடிவில் வெண்புள்ளிக்குக் கொடுத்து 1948இல் அறிக்கை வெளியிட்டார். லேர்னரும் ஃபிற்ஸ்பற்றிக்கும் 1953இல் அதனை அமெரிக்காவில் ஆராய்ந்தனர். இருபது ஆண்டுகளின் பின்னர், ஜோன் பரிஷ், இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி மது பதக் ஆகியோருடன் சேர்ந்து, சோராலென் வில்லையை விழுங்கச் செய்து, பின் நீள் அலைப் புற ஊதாக் கதிரை உடலில் பாய்ச்சினால் கடுமையான சொரியாசிஸ் நோயும் மறைகின்றது என்பதை 1974இல் ஃபிற்ஸ்பற்றிக் உலகுக்கு அறிவித்தார். 'பூவா' என்று பெயர் பெற்ற இச்சிகிச்சை, உடல் முழுவதும் செதிளுதிர்ந்து வெளியே தலைகாட்ட முடியாதிருந்த பலருக்கு மறுவாழ்வாக அமைந்தது.

சிக்கல் அளவில் வந்தது. முதலில் முடியின் நிறத்தையும் கண்ணின் நிறத்தையும் பார்த்தே கதிரின் அளவை நிர்ணயித்தனர். கருமுடியும் பழுப்புக் கண்ணும் கொண்ட வெள்ளையர் சிலருக்கு அந்த அளவே தோலைச் சுட்டுவிட்டது. எனவே 1975இல் ஃபிற்ஸ்பற்றிக், பார்ப்பதை விட்டுக் கேட்பது என்ற முறைக்கு மாறினார். கோடையின் தொடக்கத்தில் நண்பகல் வெயிலில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நின்றால் உங்கள் தோல் சிவந்து எரியுமா, பின்னர் கருக்குமா? எப்போதும் எரிந்து ஒருபோதும் கருக்காதவர் முதல் வகை. எரியாமல் நன்கு கருப்பவர் நான்காம் வகை. அவ்வளவுதான். வெள்ளையர்களுக்கு மட்டுமாக, ஒரு சிகிச்சையின் ஆரம்ப அளவைக் குறிப்பதற்காக மட்டுமே உருவான வகுப்பு அது என்பதை அவரே 1988இல் எழுதிய கட்டுரையில் தெளிவுபடுத்தியுள்ளார்.

ஐந்தும் ஆறும் பின்னர் சேர்ந்தவை. மாநிறத்தினர் ஐந்து, கறுப்பினத்தவர் ஆறு. முதல் நான்கு வகைகளும் தோல் வெயிலில் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்ற கேள்வியால் பிரிக்கப்பட, உலக மக்களில் பெரும்பகுதியினர் நிறத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே எஞ்சிய பெட்டிகளில் போடப்பட்டனர். தெற்காசியர், ஆபிரிக்கர், பசிபிக் தீவினர் என்று இவ்வளவு பேரின் வேறுபாடுகளும் இரண்டே இலக்கங்களுக்குள் அடங்கிவிடும் என்பது நம்பத்தக்கதல்ல. நமது குடும்பங்களுக்குள்ளேயே வெயிலில் போனால் முகம் எரிகின்றது என்பாரும், எதுவும் ஆவதில்லை என்பாரும் இருக்கின்றனர். ஆயினும் இதற்கு ஃபிற்ஸ்பற்றிக்கை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஒரு சிகிச்சை அறைக்கென அவர் செய்த கருவியை, ஆய்வாளர்களும் லேசர் உற்பத்தியாளர்களும் கணினி நிறுவனங்களும் மனிதத் தோல் முழுமைக்குமான அளவுகோலாக எடுத்துக்கொண்டனர். படத்தைப் பார்த்துத் தோல் நோயை இனங்காணும் கணினி நிரல்களுக்குப் பயிற்சி அளிப்பதிலும் இதே இலக்கங்களே பயன்பட்டன. 2022இல் ஹார்வர்ட் சமூகவியலாளர் எலிஸ் மொங்க் வகுத்த பத்து நிற அளவுகோலைக் கூகுள் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அது நிறத்தை அளப்பது, வெயிலுக்கான எதிர்வினையை அல்ல.

பூவா சிகிச்சையின் பின்கதை கசப்பானது. 1975, 1976ஆம் ஆண்டுகளில் அதனைப் பெற்ற 1,380 நோயாளிகளை ஹார்வர்டைச் சேர்ந்த றொபேட் ஸ்ரேர்ன் தொடர்ந்து கண்காணித்தார். வேறு வகைத் தோற் புற்றுநோய்கள் அதிகரிப்பது 1979இலேயே தெரியவந்தது. 1997இல் வெளியான அறிக்கை, சிகிச்சை தொடங்கிச் சுமார் 15 ஆண்டுகளின் பின்னர் மெலனோமாவும் அதிகரிப்பதாகவும், 250 தடவைகளுக்கு மேல் சிகிச்சை பெற்றோரில் இது கூடுதல் என்றும் கூறியது. ஆசிய, அரபு நாடுகளிலிருந்து வந்த ஆய்வுகள் அத்தகைய அதிகரிப்பைக் காட்டவில்லை. சோராலென் தேவைப்படாத, குறுகிய அலைவரிசை ஒளிச் சிகிச்சை இன்று பெருமளவு அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. பூவாவை அறிமுகப்படுத்திய ஊரிலேயே அதன் தீங்கையும் இருபதாண்டுகளுக்கு மேலாக எண்ணிக் கணக்கெடுத்தது மருத்துவ உலகில் அடிக்கடி நடப்பதல்ல.

புற ஊதாக் கதிர் பற்றிய எச்சரிக்கை சட்டமாகவும் மாறியது. செயற்கைக் கதிரில் படுத்துத் தோலைக் கருக்கும் படுக்கைகளை, 18 வயதுக்குக் குறைந்தோருக்கு ஒன்ராறியோ மாகாணம் 2014 மே முதல் தடை செய்தது. வெள்ளையர் கருப்பதற்குப் பணம் கொடுக்கும் அதே கடைத்தெருவில் நம்மவர் வெளுப்பதற்குக் களிம்பு வாங்குவது தனியாக எழுத வேண்டிய கதை.

முற்றிய மெலனோமாவுக்கு நீண்டகாலம் பயனுள்ள மருந்து இருக்கவில்லை. 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபிலிமுமாப் என்ற மருந்து அந்நிலையை மாற்றத் தொடங்கியது. உடலின் நோயெதிர்ப்புக் கலங்களின் தடுப்பானை விடுவிக்கும் மருந்து அது. அந்தத் தடுப்பான் இல்லாவிட்டால் உடலுக்கு என்ன நேரும் என்பதை எலிகளில் காட்டிய 1995ஆம் ஆண்டு ஆய்வுகளில் ஒன்று, ரொறன்ரோவில் ரக் மாக் என்ற விஞ்ஞானியின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. ஆனால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றும் வகை, இத்தகைய மருந்துகளுக்கு ஏனைய வகைகளைப் போல் நன்கு கட்டுப்படுவதில்லை.

கடந்த ஆண்டு எனது கட்டைவிரல் நகத்தில் பழுப்பு நிறக் கோடு ஒன்று தோன்றியது. கருந்தோலினருக்கு இத்தகைய கோடுகள் சாதாரணமானவை, பெரும்பாலானவை தீங்கற்றவை. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போனால், அல்லது நிறம் நகத்தைத் தாண்டி அருகிலுள்ள தோலுக்கும் பரவினால் மட்டும் தாமதியாது காட்ட வேண்டும் என்கின்றனர் மருத்துவர்கள். சில மாதங்கள் காத்திருந்து தோல் மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்துவிட்டு, கோட்டின் அகலத்தை அளந்து, படமெடுத்து, ஆறு மாதத்தில் திரும்ப வரும்படி கூறினார். காலணியையும் காலுறையையும் கழற்றச் சொல்லவில்லை. நானாகவே கழற்றிக் காட்டினேன். உதவியாளர் கணினியில் எனது தோலின் வகை ஐந்து என்று பதிந்துகொண்டார். வெயிலில் எனது தோல் எரியுமா என்று அங்கு எவரும் கேட்கவில்லை.