‘அணங்கு’ என்னும் சொல்லும் ஆழ்வார் விலக்கிய வெறியும்

‘தீர்ப்பாரை யாமினி’ என்று பெயர்பெற்ற திருவாய்மொழியில் (4-6) ‘அணங்கு’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் ஆளப்பட்டிருக்கிறது. இக்காலத்து வழக்கில் அச்சொல்லுக்கு அழகிய பெண் என்பதே பொருளாய் நின்றுவிட்டது. பதவுரை எழுதுவோரிற் சிலர் இவ்விடத்தில் ‘நோய்’ என்று ஒரு சொல்லில் முடித்து அப்பாற் செல்வர். இரண்டும் பிழையல்ல. ஆயினும், சொல்லின் பழம்பொருளைக் கைவிட்டுப் படித்தால் இப்பதிகத்தில் தோழி செய்யும் வாதத்தின் கூர்மை புலப்படாது.

சங்கச் செய்யுட்களில் அணங்கு பெயராகவும் வினையாகவும் வரும். உயர்ந்த மலை, ஆழ்ந்த சுனை, கடற்றுறை, இளமகளிர் மேனி ஆகிய இடங்களிலெல்லாம் அது உறைவதாகச் சொல்லப்படும். காண்பார் உள்ளத்தை ஈர்ப்பது, ஈர்த்தபின் வருத்துவது, எதனால் வருந்துகிறோம் என்று அறியவொட்டாதது என்னும் மூன்றும் சேர்ந்ததே அதன் இயல்பு. அகராதிகள் வருத்தம், அச்சம், தெய்வம், தெய்வமகள், அழகு என்று தனித்தனியே பிரித்துக் காட்டும் பொருள்கள் யாவும் அந்த ஒரே அனுபவத்தின் கூறுகள். ஜார்ஜ் ஹார்ட் இதனைப் பெண்ணிடத்து உறையும் அச்சந்தரும் தெய்வ ஆற்றலாக விளக்கினார். அவ்விளக்கம் சொல்லைப் பெண்மை ஒன்றற்கே குறுக்குகிறது என்று வி. எஸ். ராஜம் 1986-இல் வெளிவந்த கட்டுரையில் மறுத்தார். மலைக்கும் துறைக்கும் முருகனுக்கும் அணங்கு உண்டு என்று பாட்டுகளே காட்டுவதால், இம்மறுப்பே வலியுடைத்து.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்குரிய பொருள் நான்கனுள் அணங்கையே முதலில் வைத்தார். விலங்கும் கள்வரும் இறையும் அதற்குப் பின்னரே. மருட்கைக்கு, அதாவது வியப்பிற்கு, உரியவற்றுள் புதுமையை முதலில் வைத்தார். நூலுள் இவை வெவ்வேறு மெய்ப்பாடுகள். அணங்குற்றார் உள்ளத்திலோ ஒருங்கே எழுவன. திருக்குறளில் தலைவியை முதன்முதற் கண்ட தலைவன் ஐயுறும் அதிகாரத்திற்குத் ‘தகையணங்குறுத்தல்’ என்று பெயர் அமைந்ததும் இதனாலேயாம். முன்பு காணாததைக் கண்டு மகிழ்ந்தேன், ஆயினும் என் மனம் அச்சத்தால் நடுங்குகிறது என்று கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் விண்ணப்பிப்பதை இங்கே நினைக்கலாம். அந்நிலைக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டின் அணங்கினும் பொருத்தமானது வேறில்லை.

இனி, வெறியாட்டு. தலைவனைப் பிரிந்து மெலிந்தாள் தலைவி. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியைக் கேட்கிறாள்; முருகனது அணங்கு என்று தேர்ந்து வேலனை அழைத்து வெறியாடுவிக்கிறாள். உண்மையறிந்த தோழி அதனை விலக்குகிறாள். இதுவே வெறிவிலக்கு என்னும் துறை. நற்றிணை 34-ஆம் பாட்டில் தோழி முருகனையே விளித்து, இந்நோய் உன்னால் வந்ததன்று என்று அறிந்தும் இங்கு வந்தாயே, தெய்வமாயினும் நீ அறியாமையுடையாய் என்று எள்ளுகிறாள். தாய் தெய்வம் என்றாள். உண்மையிற் காரணம் மனிதன். அகப்பாட்டின் நயமெல்லாம் இந்த முரணிலேயே நிற்கிறது.

ஆழ்வாரோ இத்துறையைக் கைக்கொண்டு அடியோடு மாற்றிவிட்டார். இங்கே தலைவன் எம்பெருமான். ஆகவே, தெய்வத்தால் வந்த நோய் என்று தாய் சொன்னதில் பிழையில்லை. எத்தெய்வம் என்பதிலேதான் பிழை. இரண்டாம் பாசுரத்தில் தோழி, இது நீங்கள் ஆடும் இளந்தெய்வத்தின் செயலன்று, மிக்க பெருந்தெய்வத்தின் செயல் என்று பிரித்துரைக்கிறாள். திருவிருத்தத்து 20-ஆம் பாசுரத்திலும் இவ்வாதமே உளது. சங்கத்துத் தோழி அணங்கன்று என்று மறுத்தாள். ஆழ்வாரின் தோழி, மெய்யாகவே அணங்கு, ஆனால் வேலனுக்கு எட்டாத அணங்கு என்கிறாள். ‘நோய்’ என்று மட்டும் பொருளுரைத்தால் இவ்வேறுபாடு மறைந்துபோம். ஆறாம் பாசுரத்து ‘இவ்வணங்குக்கே’ என்ற சொல்லை இந்நோய்க்கு என்றும், தெய்வப்பெண் போன்ற இவளுக்கு என்றும் இருவகையாகக் கொள்ள இடமுண்டு. நோயையும் நோயுற்றாளையும் ஒரே சொல் குறிப்பது பழைய வழக்கிற்கும் ஒத்ததே.

தாய்மார் வேறு தெய்வத்தைத் தீண்டலாகுமோ என்னும் ஐயம் எழலாம். அன்பின் மிகுதியால் கலங்கினார்கள் என்பது வியாக்கியான மரபு. ஆசார்ய ஹ்ருதயத்தில் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார், சம்பந்தத்தில் உணர்த்தி தோழி நிலை, உபாயத்தில் துணிவு தாய் நிலை, பலத்தில் பதற்றம் மகள் நிலை என்று வகுத்தருளினார். துணிவுக்குரியவளே கலங்கிநின்ற வேளையில், இவள் யாருக்கு உரியவள் என்று உணர்ந்தவள் பேசுகிறாள். ‘எத்தெய்வம்’ என்னும் வினாவுக்கு விடை சொல்லத் தக்கவள் அவளே.

அவள் விலக்குவன கள்ளும் இறைச்சியும், கருஞ்சோறும் செஞ்சோறும், களமிழைத்தலும், முழவும். அவள் சொல்லும் மருந்தின் வைப்புமுறையும் நோக்கத்தக்கது. மூன்றாம் பாசுரத்தில் மாயப்பிரான் கழலை வாழ்த்தச் சொல்கிறாள். நான்காவதில் அவன் பேரைச் சொல்லச் சொல்கிறாள். ஆறாவதில் அவன் அடியார் அடிப்பொடியை அணியச் சொல்கிறாள். ஏழாவதில் அவ்வடியாரையே வணங்கச் சொல்கிறாள். திருவிருத்தத்தில் மருந்து திருத்துழாய் மாலை. இங்கே அடியார்வரை இறங்கிவந்துவிட்டது. அணங்கியவன் அணுகற்கரிய பெருந்தெய்வமாயினும், மருந்து தெருவில் நடக்கும் அடியார் திருவடியில் ஒட்டியிருக்கிறது.

பலச்சுருதியில் ஆழ்வார் இப்பத்துப் பாசுரங்களுக்கும் இட்ட பெயர் ‘வெறிகள்’. பதிகம் முழுதும் விலக்கிய சடங்கின் பெயரையே தம் பாட்டுக்குச் சூட்டினார். தாம் தொழுது ஆடி, ஆட்செய்து, நோய் தீர்ந்ததாக அருளிச்செய்து, கற்பாரையும் அவ்வாறே தொழுது ஆடிப் பாடச் சொல்கிறார். வேலனது களம் போயிற்று, ஆட்டம் போகவில்லை.