எல்லையோர வீடுகள் – 9: வெட்டமும் காற்றும்

கேரளப் பக்கத்து இஞ்சிவிளையில் ஒன்றரை வருடம் வாடகைக்கு இருந்தேன். மாடி வீடு. முன்னறைச் சன்னல் ஏழடி அகலம், ஐந்தடி உயரம், ஒற்றைக் கண்ணாடி. கொண்டி இல்லை, கம்பி இல்லை; திறக்கவே முடியாது. வீடு பார்க்கப் போன அன்று வீட்டுக்கார அம்மா திரையை ஒதுக்கிவிட்டு, "நல்ல வெட்டம் உண்டு, பாத்துக்கிடுங்க சாறே" என்றார். வெட்டம் என்றால் வெளிச்சம். கேரளத்துப் பாறசாலையிலும் தமிழ்நாட்டுக் களியக்காவிளையிலும் அதே சொல்தான். 1956-ல் போட்ட எல்லைக்கோடு அந்தச் சொல்லைத் தொடவில்லை. வெளியே ரப்பர் மரங்கள் மழையில் நின்றன. உள்ளே ஒரு துளிச் சாரல் இல்லை. நின்ற இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்தேன்.

முதல் சில மாதங்கள் குறை சொல்ல முடியாது. பகலில் விளக்குப் போட்டதில்லை. ஐப்பசியில் மத்தியானம் மூன்று மணிக்குக் கிழக்கு மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும். அண்டை வீடுகளில் சன்னல்களைச் சாத்த ஓடுவார்கள், நாங்கள் உட்கார்ந்து மழையைப் பார்ப்போம். அந்தப் பக்கமாகக் கொசு வராது. என் அம்மா நாற்காலியை அங்கேயே போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர்களின் கணக்கை வைத்திருந்தாள்.

மாசி பிறந்ததும் வேறு முகம் தெரிந்தது. சன்னல் மேற்குப் பார்த்தது. நமக்குத் தெற்கும் வடக்கும் பெரிய தொல்லையில்லை. எட்டு டிகிரி அட்சரேகையில் உச்சி வெயில் ஏறக்குறையத் தலைக்கு நேரே நிற்கும், ஒன்றரையடி சன்ஷேடே பெருமளவு தடுத்துவிடும். மேற்கு வெயில் அப்படியல்ல. நாலு மணிக்கு மேல் தாழ்ந்து, சன்ஷேடுக்குக் கீழே நுழைந்து, எதிர்ச்சுவர் வரை வந்து படுத்துக்கொள்ளும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடான தரையும் சுவரும் கக்கும் வெப்பத்தை வெளியே விடாது. திறக்க வழியிருந்தால் ஆறு மணிக்குக் காற்றோடு கொஞ்சம் போயிருக்கும். இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுட்டது. கனத்த திரை போட்டோம், என் செலவில். சுவரில் துளை போடக் கூடாது என்ற நிபந்தனையால் கம்பியை எங்கே மாட்டுவது என்பதற்கே ஒரு வாரம் பஞ்சாயத்து. திரை போட்டதும் வெட்டமும் போயிற்று.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அடுத்த தொல்லை. துணி வீட்டுக்குள்தான் காயவேண்டும், சோறு வேகும் ஆவியும் உள்ளேதான் சுற்றும். ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட பீரோவைத் திறந்தேன். தோல் பெல்ட்டின் மேல் சாம்பல் பூசியது போல் பூஞ்சணம். பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் கரும்புள்ளிகள்.

அன்றுதான் கணக்குப் போட்டேன். மத்திய மின்சக்தி அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களுக்கு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய சன்னலாக இருக்கவேண்டும் என்கிறது. நம் சிறிய வீடுகளை அது கட்டுப்படுத்தாது என்றாலும் அளவுகோல் நல்லது. என் முன்னறை 180 சதுரடி. முப்பது சதுரடி திறக்கவேண்டும். கண்ணாடி மட்டும் 35. திறந்ததோ, பக்கச் சுவரிலிருந்த எட்டுச் சதுரடிச் சின்னச் சன்னல்.

இஞ்சிவிளையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் பத்மநாபபுரம் அரண்மனை. அதன் மந்திரசாலையில் சன்னல்களுக்கு வண்ண மைக்காத் தகடுகள். மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய தடுப்புகள் வழியே காற்று வரும், மழை வராது. உள்ளே வெட்டம் கம்மி, உடம்புக்குச் சுகம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் இதையே செங்கல்லில் செய்தார். அந்நகரில் உள்ளூர் என்னும் பகுதியிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் சுவர்களில் அந்தச் செங்கல் சல்லடையைப் பார்க்கலாம். சன்னல் என்பது சுவரைவிடப் பலமடங்கு செலவு பிடிப்பது என்று அவர் ஓயாமல் சொல்லிவந்தார்.

திறக்காத கண்ணாடியில் அந்தச் செலவு குறைகிறது. கீல் வேண்டாம், கொண்டி வேண்டாம், அயினி மரத்தில் சன்னல் பாளி செய்ய ஆசாரி வேண்டாம். அலுமினியச் சட்டத்தில் பதித்து ரப்பர் வைத்தால் முடிந்தது. தெருவிலிருந்து பார்க்கவும் எடுப்பு. கட்டுகிறவர் அதன் பின்னால் குடியிருக்கப் போவதில்லை என்பதே வாடகை வீட்டில் இது பெருகக் காரணம் என்று நினைக்கிறேன். மாடிக் கண்ணாடியை வெளிப்புறம் துடைக்க நான் ஏணி இரவல் வாங்கிய கதை தனி.

காலி செய்யும் மாதம் பிலாக்கொப்பு ஒன்று காற்றில் வந்து அடித்து, மூலையில் விரிசல் விழுந்தது. வீட்டுக்கார அம்மா ஏறி வந்து பார்த்தார். "நீங்க உடைக்கல்ல, நானும் உடைக்கல்ல. பாதிப் பாதி போடலாம் சாறே." கேரளத்தில் இருப்பது 1965-ம் வருட வாடகைச் சட்டம்; நாங்கள் அதைப் புரட்டவில்லை, கட்டன் சாயா குடித்தபடி முடித்துக்கொண்டோம். இதே கொப்பு களியக்காவிளையில் விழுந்திருந்தால்? தமிழ்நாட்டின் 2017-ம் வருடச் சட்டத்தில் இரண்டாம் அட்டவணை இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், சன்னல் கண்ணாடி மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. 35 சதுரடியும்.

(தொடரும்)