பொய் சொல்லும் முள்

வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தி ஓடினால் என்ன நேரும்? பையன் பள்ளிக்கூடத்தில் பெஞ்சின்மேல் நிற்பான். தகப்பனார் ரயிலைத் தவற விடுவார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கும் விமானத்தில், தொட்டியில் இவ்வளவு பெட்ரோல் இருக்கிறதென்று காட்டும் கருவி பொய் சொல்லுமாயின், அதன் பலன் வேறு.

2005-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி இத்தாலி தேசத்துப் பாரி நகரிலிருந்து துனிஸியா தேசத்து ஜெர்பாவுக்கு ஒரு விமானம் புறப்பட்டது. அதில் இருந்தவர் 39 பேர். மத்தியதரைக் கடலின்மேல் பறக்கையில் அதன் இரண்டு யந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. சிஸிலித் தீவை எட்ட முடியாமல் விமானம் கடலில் இறங்கி உடைந்தது. 16 பேர் மாண்டனர். தொட்டிகளில் எரிபொருள் முழுதும் தீர்ந்திருந்தது. ஆயினும் விமானியின் எதிரே இருந்த மானி, இன்னும் ஏராளமாய் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழுதான மானியை மாற்றாமல் விட்டதால் இவ்விபத்து நேரவில்லை, மாற்றியதால்தான் நேர்ந்தது. முதல் நாள் இரவு பழைய மானியைக் கழற்றிப் புதியது ஒன்றைப் பொருத்தினார்கள். விமானமோ ஏ.டி.ஆர். 72 என்னும் வகை. பொருத்திய மானியோ ஏ.டி.ஆர். 42 என்னும் சிறிய வகைக்கு உரியது. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன, கணக்கில் வேறாயிருந்தன.

அது பிரயாணிகளை ஏற்றும் பெரிய விமானம். ஆனால் அதன் படிப்பினை, இரண்டு பேரும் நான்கு பேரும் ஏறும் பழைய சிறு விமானங்களுக்கே மிகுதியும் பொருந்தும். அமெரிக்காவின் ஸெஸ்னா 172 என்னும் நான்காசன விமானம் 1956 முதல் விற்பனைக்கு வந்தது; இதுவரை 44,000-க்கு மேற்பட்டவை செய்யப்பட்டுள்ளன. அவற்றுள் பல, தம்மை ஓட்டும் விமானிகளைவிட வயதில் மூத்தவை. பழைய விமானத்தை இகழ வேண்டியதில்லை. 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானத்தில் தபால் கொண்டுவந்து நம் தேசத்து விமானப் போக்குவரத்துக்கு அடிகோலிய ஜே. ஆர். டி. தாதா, ஐம்பது ஆண்டு கழித்து 1982-ல் தமது 78-ஆம் வயதில் லெப்பர்டு மாத் என்னும் பழைய விமானத்தில் அதே வழியில் மறுபடி பறந்து காட்டினார். பேணிக் காத்தால் கிழ யந்திரமும் பறக்கும். ஆனால் பேணுவது எப்படி?

தக்கையும் அரக்கும்

முதலில் மிக எளிய மானியைப் பார்ப்போம். பைப்பர் கப் ஜே-3 என்னும் மஞ்சள் நிறச் சிறு விமானத்தை 1947 வரை ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அதன் பெட்ரோல் தொட்டி விமானிக்கு எதிரிலேயே இருக்கிறது. தொட்டிக்குள் ஒரு தக்கை மிதக்கும். அதில் நட்ட கம்பி மூடியின் துவாரம் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பியும் தாழும். மின்சாரம் இல்லை, முள் இல்லை. முன்கண்ணாடி வழியே கம்பியைப் பார்த்தால் போதும்.

இதற்கும் நோய் வருவதுண்டு. தக்கை பெட்ரோலை உறிஞ்சாதிருக்க அதன்மேல் அரக்கு மெருகு பூசுவது வழக்கம். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதை, மேஜைக்கு மெருகு போடும் எந்தத் தச்சரும் அறிவார். இக்காலத்து மோட்டார் பெட்ரோலில் ஸ்பிரிட்டைச் சேர்த்து விற்கிறார்கள் அல்லவா? அதை ஊற்றினால் மெருகு கரைந்து, தக்கை ஊறி, மிதக்க வேண்டியது அமிழ்கிறது. அப்பொழுது மானி இருப்பதைக் குறைத்துக் காட்டும்; அது சங்கடமேயன்றி ஆபத்தன்று. கம்பி வளைந்து துவாரத்தில் சிக்கிக்கொண்டாலோ, இல்லாததை இருப்பதாகக் காட்டும், ஆபத்து அதில்தான். பரிகாரம் சுலபமே: பெட்ரோலில் ஊறாத பொருளால் ஆன புது மிதவை, சரியான நீளமுள்ள நேரான கம்பி.

நோய் எங்கே?

ஸெஸ்னா போன்ற விமானங்களில் தொட்டிகள் இறக்கைகளுக்குள் இருப்பதால் கம்பி உதவாது. அங்கே மிதவையின் கை ஏறி இறங்கும்போது, மின்தடைச் சுருள் ஒன்றின்மேல் ஒரு சிறு தகடு உராய்ந்து செல்கிறது. அதனால் மின்சாரத்தின் அளவு கூடிக் குறைந்து, விமானியின் எதிரில் உள்ள முள்ளை நகர்த்துகிறது.

முள் தவறாகக் காட்டினால் பலரும் உடனே அந்த முகப்பு மானியையே குற்றம் சாட்டுவார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே! பணம் கொடுத்து வேறு மானியை மாட்டியும் நோய் தீராமல் விழிப்பார்கள். நாற்பது, ஐம்பது ஆண்டு உராய்ந்து தேய்ந்த சுருளே பெரும்பாலும் காரணமாயிருக்கும். அப்பொழுது முள் கூத்தாடும். பல வேளைகளில் அதுவும் காரணமன்று. தொட்டியை விமானத்தின் உடலோடு சேர்க்கும் எர்த் இணைப்பில் களிம்பு ஏறியிருக்கும். அதைச் சுத்தம் செய்து முடுக்கினாலே முள் நேராகிவிடும்.

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் தொட்டியின் பக்கத்துக் கம்பியைக் கழற்றி, விமானத்தின் உடலோடு தொடுத்துப் பார்ப்பார். முள் ஒரு கோடிக்கு ஓடினால் முகப்பு மானியும் கம்பியும் சுகம்; குற்றம் தொட்டியில். ஓடாவிட்டால் தொட்டியின்மேல் கை வைக்க வேண்டாம். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் ஒரு பொறியே போதுமாகையால், இது லைசென்ஸ் பெற்றவர் தக்க ஜாக்கிரதையோடு செய்ய வேண்டிய வேலை.

பழுது தீர்ந்தபின் அளவு சரிபார்க்க வேண்டும். விமானத்தை மட்டமாய் நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து, யந்திரத்துக்கு எட்டாமல் அடியில் தங்கும் அளவை மட்டும் ஊற்றி, அங்கே முள் பூஜ்யத்தில் நிற்குமாறு திருத்துவார்கள். பிறகு அளந்து அளந்து ஊற்றி, ஒவ்வொரு நிலையிலும் முள் எங்கே நிற்கிறதென்று குறித்துக்கொள்வார்கள். மானி பூஜ்யத்தில் மட்டும் சரியாயிருந்தால் போதும் என்று சொல்லும் விமானிகள் உண்டு. அமெரிக்கச் சட்டத்தைப் பாதி படித்தவர் பேச்சு அது. பூஜ்யம் எது என்பதை ஒரு விதி வரையறுக்கிறது. பறக்கும்போது ஒவ்வொரு தொட்டியின் இருப்பையும் மானி காட்ட வேண்டுமென்று மற்றொரு விதி சொல்கிறது.

இரண்டு சாட்சிகள்

யந்திரத்தின் உடல்நிலையைச் சொல்லும் மானிகள் வேறு. எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுவது, 1849-ல் பிரெஞ்சுக்காரர் யூஜீன் பூர்தோன் பேடண்டு பெற்ற வளைந்த குழாய். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், அதனோடு முள் நகரும். பறக்கையில் இந்த முள் திடீரென்று விழுந்தால், பொய் சொல்வது மானியா, சாகப்போவது யந்திரமா? விமானி உடனே பக்கத்திலுள்ள எண்ணெய் உஷ்ணமானியைப் பார்ப்பார். உஷ்ணமும் ஏறினால் யந்திரத்துக்கே ஆபத்து. உஷ்ணம் அசையாதிருந்தால் மானியின் கோளாறாக இருக்கலாம். ஆயினும் அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கிப் பார்ப்பதே விவேகம்.

சிலிண்டரின் உஷ்ணத்தைக் காட்டும் பழைய மானியில் இருவகை உலோகக் கம்பிகளின் சந்திப்பிலே எழும் அற்ப மின்சாரமே முள்ளை நகர்த்துகிறது. கம்பி நீளமாயிருக்கிறதே என்று யாரேனும் அழகுக்காகச் சற்று வெட்டிவிட்டால் கணக்கே கெட்டுவிடும். நீளமும் மானியின் ஓர் அங்கம். சுழற்சிமானியிலோ காந்தம் முதுமையில் வலுவிழந்து, உண்மையைக் காட்டிலும் குறைத்துக் காட்டும். விமானி அதை நம்பி வேகத்தைக் கூட்ட, யந்திரம் வரம்பு மீறிச் சுழலும். புரொபெல்லரின் சுழற்சியை ஒளியால் அளக்கும் கருவியைத் தரையில் வைத்துப் பார்த்தால் இந்தக் களவு வெளிப்பட்டுவிடும்.

இன்று மின்னணு மானிகள் வந்திருக்கின்றன. உராயாமல் காந்தத்தால் வேலை செய்யும் மிதவைகளும் கிடைக்கின்றன. அவை மிகவும் சிறந்தவையே. ஆயினும் அந்தந்த வகை விமானத்துக்கு அங்கீகாரம் பெற்றதாயிருக்க வேண்டும். பச்சைப் பகுதியும் சிவப்புக் கோடும் அந்த யந்திரத்தின் வரம்புகளையே காட்ட வேண்டும். செய்த வேலையைப் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். துவாரத்தில் பொருந்துகிறது என்பதனால் மட்டும் ஒரு மானி பொருத்தமாகிவிடாது. மத்தியதரைக் கடலில் மாண்ட 16 பேர் அதற்குச் சாட்சி.

எவ்வளவு உயர்ந்த மானி வைத்திருந்தாலும், நல்ல விமானி புறப்படுமுன் இறக்கைமேல் ஏறி, மூடியைத் திறந்து, குறியிட்ட ஒரு கோலைத் தொட்டிக்குள் விட்டுப் பார்க்கிறார். பிறகு கடிகாரத்தைப் பார்க்கிறார். ஸெஸ்னா 172 மணிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் குடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். கோல், கடிகாரம், முள் மூன்றும் ஒத்தால் பறக்கிறார். ஒவ்வாவிட்டால், மூன்றில் குறைந்தது எதுவோ அதையே நம்பி இறங்குகிறார்.

விஞ்ஞானம் என்றால் கருவியை நம்புவது என்று நம் பிள்ளைகளில் அநேகர் எண்ணுகிறார்கள். கருவியைச் சோதிக்கக் கற்பதே விஞ்ஞானம். ஒரு மூங்கில் கோலுக்கு அந்த அதிகாரம் உண்டு என்பதை வகுப்பில் சொல்லும்போது பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், மறக்காமல் இருந்தால் போதும்.